அன்னக்கொடி வீட்டுச் சுவர்

குருவிமலை எஸ்டேட்டுக்கு மழை விருந்தாளி மாதிரி வந்து போவதில்லை, வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து உட்கார்ந்துவிடும். ஆனியில் வந்தால் ஐப்பசி வரைக்கும் எழுந்திருக்காது, துவைத்த துணியைக் காயவிடாது, சுவரில் பூஞ்சையை ஏற்றும், தீப்பெட்டியை மடியில் செருகி உடம்புச் சூட்டில் வைத்திருந்தால்தான் குச்சி பற்றும். கேஸ் லாரி மண் சரிந்த பாதையைப் பார்த்ததும் அடிவாரத்தோடு திரும்பிவிடும். ஆகவே அந்த மலையில் ஒரு குடும்பத்தின் யோக்கியதையை நகையை வைத்தோ படிப்பை வைத்தோ யாரும் பார்ப்பதில்லை, விறகை வைத்துத்தான் பார்ப்பார்கள்.

மாசி பிறந்ததும் சில்வர் ஓக் கிளைகளையும் கவாத்து வெட்டிப் போட்ட தேயிலைக் கட்டைகளையும் இழுத்து வந்து, முழ நீளத்துக்கு அறுத்து, ஆப்பு வைத்துப் பிளந்து, பட்டை வானம் பார்க்க அடுக்கி, காற்று புகுந்து போக இடுக்கு விட்டு, பங்குனி சித்திரை வெயிலை வயிறு முட்டக் குடிக்க வைத்து, முதல் தூறல் விழுவதற்குள் அடுப்புக்கு மேலே இருக்கும் பரணில் ஏற்றிவிட வேண்டும். காய்ந்துவிட்டதா என்று பார்க்க இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டுவார்கள். ஈரக்கட்டை தொப்பென்று வாய்க்குள்ளேயே முனகும். காய்ந்த கட்டை டங்கென்று வாய்விட்டுப் பேசும். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட, காபியைக் குடித்துவிட்டு எழுகிற சாக்கில் அடுப்படிப் பரணில் இரண்டு கட்டையைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் பேச்சை எடுப்பார்கள். அந்தச் சத்தம் அங்கே கைக்குழந்தைக்கும் தெரியும்.

அந்த மலையில் மழைக்காலத்தில் சாவதைப் போல் சொந்தக்காரர்களுக்குச் செய்கிற துரோகம் வேறில்லை. குழி தோண்டினால் ஊற்றெடுக்கும், இறக்கிய உடம்பு மிதக்கும். அதனால் மற்ற மாதங்களில் புதைக்கிற குடும்பங்கள்கூட மழையில் எரித்துத்தான் ஆகவேண்டும். அதற்கு ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள், வீட்டுக்கு ஒரு கட்டை. யார் செத்தாலும், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தின் ஒவ்வொரு வீட்டுப் பரணிலிருந்தும் ஒரு கட்டை சுடுகாட்டுக்குப் போகும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

அந்த வருஷம் ஆடி மாதம் சங்கிலி செத்தான். கீழ் லயத்துக்கே விறகு பிளந்து கொடுத்தவன் அவன். யார் கூப்பிட்டாலும் கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவான், தன் வீட்டுக் கட்டையை மட்டும் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போடுவான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. வழக்கப்படி வீட்டுக்கு ஒரு கட்டை வந்தது. ஆனால் அடைமழையில் காய்ந்த கட்டை என்பது தங்கம், மற்றவர்கள் எல்லாம் காய்ந்ததாகத்தானே தருவார்கள், அதற்கு நடுவில் நம்முடையது ஒன்று ஈரமாக இருந்தால் என்ன ஆகிவிடப் போகிறது என்று ஒவ்வொரு வீட்டுக்காரரும் தனித்தனியாக யோசித்து, பரணில் இருந்ததிலேயே ஈரமான கட்டையைப் பொறுக்கி எடுத்துக் கொடுத்திருந்தார். சிதை பற்றவில்லை. டீசல் ஊற்றினார்கள், சர்க்கரை கொட்டினார்கள், பழைய டயரைப் போட்டார்கள். வெள்ளைப் புகை பள்ளத்தாக்கு முழுக்க இறங்கி நின்றது. பெண்கள் சுடுகாட்டுக்குப் போகிற வழக்கமில்லை. சங்கிலியின் மனைவி அன்னக்கொடி லயத்து வாசலில் நின்றபடியே அந்தப் புகையைப் பார்த்தாள், அதன் நிறத்தைப் பார்த்தாள், எந்தெந்த வீட்டிலிருந்து எப்படிப்பட்ட கட்டை போயிருக்கும் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் அழவில்லை.

ஊர்வாயை மூட உலைமூடி உண்டா? பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் ஒப்பாரி வைக்கிற சாக்கில் அவளைக் கட்டிப்பிடித்து, கன்னத்தைத் தடவிப் பார்த்து, அடுத்த வட்டத்துப் பெண்களிடம் போய்ச் சொன்னாள்: "ஒரு பொட்டு ஈரம் இல்லைடி. நெஞ்சழுத்தக்காரி. அந்த மனுசன் இவளோட எப்படித்தான் குடும்பம் நடத்துனானோ!"

பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரத்தில் அதே பேச்சியம்மாள் தன் அடுப்படியில் ஒரு சத்தம் கேட்டாள். லயத்து வீடுகளுக்கு நடுவே ஒரே சுவர்தான். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் நூறு ஆயுசு என்பார்கள். அன்னக்கொடி வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் இருந்த அந்தச் சுவரை ஒட்டி, காலையில் தண்ணீர் சொட்டச் சொட்டக் கொண்டுவந்து சாத்திய பச்சைக் கட்டைகள் படபடவென்று வெடிப்பு விட்டுக்கொண்டிருந்தன. பட்டை தானாகக் கழன்று விழுந்தது. இரண்டைத் தட்டினாள், டங். அடுப்பில் வைத்தாள், ஒரே ஊதலில் பிடித்துக்கொண்டது. வெளியே ஆடி மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவள் ஆச்சரியப்பட்டு நிற்கிற ஆளில்லை, முதலில் சோற்றை வடித்தாள், பிறகு அடுத்த வீட்டுக்குப் போய்ச் சொன்னாள்.

எதனால் என்று அந்த ஊர் அதிகம் மெனக்கெடவில்லை. அழாமல் உள்ளே அடக்கியது எங்கேயாவது போய்த்தானே ஆகவேண்டும், அது மற்றதில் இருக்கிற ஈரத்தையெல்லாம் உறிஞ்சுகிறது என்று, கொழுந்தெடுக்கப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைமடுவத்து ஆயா சொன்னாள். சரி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். யார் விறகு எந்த நாள் சுவரில் சாய்வது என்பதுதான் அவர்களுக்கு முக்கியமாக இருந்தது, அதற்குத்தான் சண்டை போட்டார்கள். மேஸ்திரி வேலாண்டி முறை வைத்துக் கொடுத்தார். அன்னக்கொடி வீட்டு நாலு சுவரிலும் உள்ளும் புறமும் கட்டைகள் ஏறின. அவள் நடுவில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டாள். கீழ் லயம் அந்த மழையில் காலையிலும் மாலையிலும் வெந்நீரில் குளித்தது. பிள்ளைகளுக்கு இருமல் நின்றது. நெஞ்சழுத்தக்காரி என்ற பேர் போய், மகராசி என்று ஆயிற்று.

ஒரு நாள் டிரங்குப் பெட்டியைக் கிளறும்போது சங்கிலியின் காக்கிச் சட்டை கையில் வந்தது. பையில் ஒரு பீடித் துண்டும், பொடியான மரச் சிராயும். அன்னக்கொடியின் இடது கண்ணிலிருந்து ஒரு சொட்டு இறங்கிவிட்டது. அவ்வளவுதான், லயத்தின் அத்தனை பரண்களிலிருந்தும் தண்ணீர் ஒழுகியது, அடுப்புகள் உஸ்ஸென்று அணைந்தன, வீடெல்லாம் புகை. வேலாண்டியின் மருமகள் அப்போதுதான் பிள்ளை பெற்றிருந்தாள். குளிப்பாட்ட வெந்நீர் இல்லாமல், புகையில் மூச்சுத் திணறி, அந்தப் பச்சை மண் நீலம் பாரித்துப் பிழைத்தது.

அதற்குப் பிறகு ஊர் கூடிப் பேசியது. அன்னக்கொடி அழக்கூடாது. அவளை யாரும் அழவைக்கவும் கூடாது. சங்கிலி பேரை எடுக்கக்கூடாது, சாவுக்குத் தப்பு அடிக்கக்கூடாது, டிவியில் தொடர் ஓடும்போது மாமியார் கொடுமை வந்தால் சத்தத்தைக் குறைத்துவிட வேண்டும். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள்; குருவிமலையில் ஒருத்தி அழாததால் ஊரே பால் குடித்தது. வீட்டுக்கு வீடு குழம்பு வந்தது, தைலம் வந்தது, தினமும் சாயங்காலம் சிரிப்புக் கதை சொல்ல முறை போட்டு ஆள் வந்தது. அதைப் பாசம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, குளிர் அப்படி.

அன்னக்கொடியும் சரி என்றுதான் சொன்னாள். "ஈர விறகுல ஒரு மனுசன் பாதி வெந்து கெடந்த பொகைய நான் பாத்துட்டேன். இன்னொருத்தருக்கு அது வேணாம்" என்றாள். பிறகு வேலாண்டியைப் பார்த்து, "ஆனா ஒண்ணு அண்ணே. தையில வெண்ணிலாவுக்கு மாப்பிள்ளை பாக்கலாம்னு இருக்கேன். பிள்ளையக் கட்டிக்கொடுத்து அனுப்பும்போது பெத்தவ அழாம இருக்க முடியாது. அன்னைக்கு மட்டும் விட்டுருங்க" என்றாள்.

"தையில மழை ஏது? தாராளமா அழு தாயி, ஊரே சேர்ந்து அழுவோம்" என்றார் வேலாண்டி. எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

வெண்ணிலா அவளுடைய ஒரே மகள். கீழே சமவெளியில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை, விடுதியில் தங்கல். அப்பன் சாவுக்கு வந்தவள், அம்மாவின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "அழணும்போல இருந்தா என்கிட்ட வந்து அழும்மா, நம்ம ரெண்டு பேரும் மட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். லயத்தில் செல்போன் சிக்னல் எட்டாது. மேல் வளைவில் இருக்கும் சவுரிமுத்துவின் மளிகைக் கடையில் மட்டும்தான் எட்டும். யாருக்கு எந்தச் சேதி வந்தாலும் அவர் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றுதான் இறங்கவேண்டும். நல்ல மனிதர், சேதிக்குக் காசு வாங்கமாட்டார்.

புரட்டாசியில் மழை வெறிகொண்டு அடித்த ஒரு காலையில் அந்தப் போன் வந்தது. வெண்ணிலாவுக்குக் காய்ச்சல், கண்ணெல்லாம் மஞ்சள், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், அம்மாவை வரச் சொல்லுங்கள். சவுரிமுத்து குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார். அன்னக்கொடி வீட்டுக்குத்தான் இறங்கினார். ஆனால் வழியில் வேலாண்டி வீடு இருந்தது.

"சொன்னா அழுவா" என்றார் வேலாண்டி.

"அழாட்டியும் கிளம்பிப் போயிருவா அண்ணே. அவ போயிட்டா சுவரும் வெறுஞ்சுவருதான்" என்றாள், அங்கே விறகு முறை கேட்க வந்திருந்த பேச்சியம்மாள்.

சவுரிமுத்து, "பெத்த பிள்ளை கூப்பிடுது, நாம எப்படி மறைக்கிறது?" என்றார். உள்ளே தொட்டிலில் வேலாண்டியின் பேரப்பிள்ளை இருமியது. மூன்று பேரும் அந்தத் தொட்டிலைப் பார்த்தார்கள்.

"மஞ்சக்காமாலைதானே. கீழாநெல்லி குடுத்தா ஓடிப்போயிரும். மழை கொஞ்சம் வெறிக்கட்டும், நானே பஸ் ஏத்தி விடுறேன்" என்றார் வேலாண்டி.

சவுரிமுத்து அன்னக்கொடி வீட்டுக்கும் போனார். "பாப்பா போன் பண்ணுச்சு தாயி. நல்லா இருக்காம். வேலை ஜாஸ்தியாம், லீவு இல்லையாம்" என்றார். அன்னக்கொடி சந்தோஷப்பட்டு அவருக்கு வரக்காபி போட்டுக் கொடுத்தாள். அடுப்பு ஒரே ஊதலில் பற்றியது. அந்தக் காபியைக் குடித்தபோது தொண்டையில் சிராய் ஏறினமாதிரி இருந்ததாக அவர் பின்னாளில் பாதிரியாரிடம் சொன்னார்.

மறுபடியும் போன் வந்தது. அம்மா கிளம்பிட்டாங்களா? கிளம்பிட்டாங்க, பாதையில் மண் சரிவு என்றார் சவுரிமுத்து. மறுபடியும் வந்தது. இந்தத் தடவை வெண்ணிலாவே பேசினாள், குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "மாமா, அம்மாவுக்கு என்மேல ஏதும் கோவமா?" சவுரிமுத்து போனை அணைத்து, அரிசி மூட்டைக்கு அடியில் வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு போன் வரவில்லை, ஆம்புலன்ஸ்தான் வந்தது. மண் சரிந்த பாதையில் எப்படியோ ஏறி வந்து லயத்து முற்றத்தில் நின்றது. கூட வந்தவள் விடுதித் தோழி ஷகிலா. இறங்கியதும் யார் அம்மா என்று கேட்டாள். அன்னக்கொடி கையில் முறத்தோடு நின்றிருந்தாள்.

"ஏம்மா வரல? எத்தனை தடவ கூப்பிட்டோம்! கடைசி வரைக்கும் கதவையே பாத்துட்டுக் கெடந்தாளேம்மா. வருவாங்க வருவாங்கன்னு நான்தானே பொய் சொல்லிட்டு இருந்தேன்" என்று அந்தப் பெண் தலையிலடித்துக்கொண்டு கத்தினாள்.

அன்னக்கொடி திரும்பிச் சவுரிமுத்துவைப் பார்த்தாள். அவர் குடையைப் பார்த்தார். வேலாண்டியைப் பார்த்தாள். பேச்சியம்மாளைப் பார்த்தாள். சொல்லவேண்டியது ஒன்றுமில்லை, எல்லோருடைய முகத்திலும் எழுதி ஒட்டியிருந்தது. அவள் கையிலிருந்து முறம் விழுந்தது, கண் நிறைந்தது. அந்த நிமிஷமே லயத்தின் எல்லாப் பரண்களிலும் கட்டைகள் வியர்த்தன.

வேலாண்டி ஓடிவந்து அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டார். "தாயி, எங்களை அடி, செருப்பால அடி. ஆனா அழுதுராத. புதைக்க முடியாது, தண்ணியில மெதக்கும். எரிச்சுத்தான் ஆகணும். நீ இப்ப அழுதா உன் மகளுக்கும் சங்கிலி கதிதான். டயரப் போட்டு எரிக்கணுமா உன் பிள்ளைய?"

அவர் சொன்னது சுயநலம்தான். ஆனால் உண்மையும் அதுதான், அதனால்தான் அதைச் சொல்ல அவரால் முடிந்தது. பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி முந்தானையை அவள் கண்ணில் ஒற்றினாள், ஒருத்தி வாயைப் பொத்தினாள், "உன் பிள்ளைக்காகத் தாயி, உன் பிள்ளைக்காக" என்று மாற்றி மாற்றிச் சொன்னார்கள். ஒரு சாவு வீட்டில் அழாதே அழாதே என்று ஊரே கெஞ்சுவதைப் பார்த்து ஷகிலாவின் அழுகையே பயத்தில் நின்றுபோயிற்று. அன்னக்கொடி தலையை அண்ணாந்து தகரக் கூரையைப் பார்த்தாள். கண்ணில் நின்ற தண்ணீரை இமை கொட்டாமல் உள்ளே இழுத்தாள். கழுத்து நரம்பு கயிறு மாதிரி புடைத்தது. பரண்களில் கட்டைகள் மறுபடியும் படபடவென்று வெடித்தன.

அவள் கண்ணைக் கீழே இறக்கி, "வீட்டுக்கு ஒரு கட்டை கொண்டாங்க. இந்தத் தடவை நான் தட்டிப் பாத்து வாங்குவேன்" என்றாள்.

கொண்டுவந்தார்கள். வீட்டுக்கு ஒன்றல்ல, அள்ளி அள்ளிக் கொண்டுவந்தார்கள். அவள் மகளின் தலைமாட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டி, காதில் வைத்துக் கேட்டு, சீர்வரிசை வாங்குகிற மாதிரி வாங்கி அடுக்கினாள். முற்றம் முழுக்க டங் டங்கென்று சத்தம். கல்யாணத்துக்கு என்று வைத்திருந்த பச்சைப் பட்டுச் சேலையை வெண்ணிலாவுக்குச் சுற்றி அனுப்பினாள். கொட்டுகிற மழையில் ஓலைப் பந்தலுக்கு அடியில் சிதை ஒரு குச்சியில் பிடித்தது. புகையே இல்லை. மழைத் துளிகள் தீயைத் தொடுவதற்கு முன்னால் காய்ந்துபோயின. பொழுது சாய்வதற்குள் ஆண்கள் திரும்பிவந்தார்கள்.

"சுத்தமா எரிஞ்சிருச்சு தாயி. ஒரு சொட்டு டீசல் ஊத்தல" என்றார் வேலாண்டி. தான் ஏதோ கொடுத்துவிட்டு வந்தவர் மாதிரி சொன்னார்.

அன்னக்கொடி அவரையும், அவருக்குப் பின்னால் ஈரத் தலையோடு நின்ற ஊரையும் பார்த்தாள். "இனி நான் அழுதுக்கலாமா?" என்று கேட்டாள்.

கூரையில் மழை அடித்தது. எல்லோருக்கும் தலைமுழுக வெந்நீர் வேண்டியிருந்தது. ஆளாளுக்கு அடுத்த ஆளைப் பார்த்தார்கள். கடைசியில் பேச்சியம்மாள்தான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "மழை விடட்டும் மதினி."

அன்னக்கொடி அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு தலையாட்டினாள்.

ஐப்பசி கழிந்து மழை விட்டது. குருவிமலைக்காரர்களை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், வாக்குத் தவறியவர்கள் என்று சொல்ல முடியாது. கார்த்திகையில் வெயில் நன்றாகத் தெளிந்த முதல் காலையில், வேலாண்டி பேசி லயம் முழுவதற்கும் அரைநாள் விடுப்பு வாங்கினார். பரண் விறகையெல்லாம் இறக்கி முற்றத்து வெயிலில் பரப்பினார்கள். தப்புக்காரர்களுக்குச் சொல்லிவிட்டார்கள். பெண்கள் குளித்து, முடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, பாயோடு அன்னக்கொடி வீட்டு வாசலுக்கு வந்தார்கள். சவுரிமுத்து கடையைப் பூட்டிவிட்டு வந்து வேலி ஓரத்தில் நின்றார்.

"வா தாயி, இன்னைக்கு ஆசை தீர அழு. வெயில் நல்லா அடிக்குது. ஒண்ணும் ஆகாது" என்றார் வேலாண்டி.

அவள் வந்து பாயில் உட்கார்ந்தாள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தோளோடு தோள் கைபோட்டுக்கொண்டு தொடங்கினார்கள், பச்சைப் பட்டும் பாதி வழியும் கதவைப் பார்த்த கண்ணும் எல்லாம் பாட்டில் வந்தன, அவர்கள் நிஜமாகவே அழுதார்கள், அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்து அழுதார்கள். அன்னக்கொடி வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. இமையை அழுத்தி மூடித் திறந்தாள். வெண்ணிலாவின் சீப்பை எடுத்துவந்து, அதில் சுற்றியிருந்த முடியை முகத்தில் வைத்து மோந்து பார்த்தாள். சங்கிலியின் சட்டையையும் எடுத்துவந்தாள். உதடு கோணியது, தாடை நடுங்கியது, கண் மட்டும் அப்படியே இருந்தது. பேச்சியம்மாள் அழுதுகொண்டே கையை நீட்டி, முன்பு ஒருநாள் தடவிய அதே கன்னத்தைத் தடவினாள். கையில் பொடிதான் வந்தது.

பாட்டு ஒவ்வொரு குரலாக நின்றது.

அன்னக்கொடி எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, பெற்றவள் செய்யவேண்டிய முறையையாவது செய்துவிடுவோம் என்பதுபோலக் கையை உயர்த்தித் தன் மாரில் அறைந்தாள்.

டங்கென்றது.

மறுபடியும் அறைந்தாள். டங்.

வெயிலில் கிடந்த விறகைக் காவல் காத்துக்கொண்டிருந்த கிழவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அது என்ன சத்தம் என்று அங்கே யாரும் யாருக்கும் சொல்லவேண்டியிருக்கவில்லை. பெண்கள் ஒவ்வொருத்தராக எழுந்து, முடியை அள்ளி முடிந்துகொண்டு, மீதி அரைநாள் வேலைக்குப் போனார்கள்.